ஐ7 வாங்கலாமா, ஐ5 வாங்கலாமா? பழைய சிஸ்டத்துக்குக் கடையில் கொடுத்த சீட்டைப் படிக்க உதவுங்கள்

மேலூர்_அப்பா:

அனைவருக்கும் வணக்கம். மகள் இந்த வருடம் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்திருக்கிறாள். வீட்டில் ஒரு சிஸ்டம் இருந்தால் நல்லது என்று பள்ளியில் சொன்னார்கள். புதிது வாங்க இப்போது கை கொடுக்காது. மதுரையில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் இரண்டு கடைகளில் விசாரித்தேன். ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்படியே கீழே தருகிறேன்.

முதல் கடை: ஐ7 சிபியு, 8 ஜிபி மெமரி, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், 19 இன்ச் மானிட்டர், விண்டோஸ் 10.

இரண்டாவது கடை: ஐ5 ஆறாவது ஜெனரேஷன், 8 ஜிபி டிடிஆர்4, 256 ஜிபி எஸ்எஸ்டி, 19 இன்ச் மானிட்டர், விண்டோஸ் 10.

முதல் கடையில் 2,000 ரூபாய் கூடுதல். ஐ5-ஐவிட ஐ7 பெரிது, 256-ஐவிட 500 பெரிது, அதனால்தான் அந்த விலை என்றார் கடைக்காரர். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 8 ஜிபியையும் மெமரி என்கிறார், 500 ஜிபியையும் மெமரி என்கிறார். இதில் எது எது? கம்ப்யூட்டர் பழக்கமே இல்லாத ஆளுக்குச் சொல்வதுபோல் யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும்.


போர்டு_சர்வீஸ்:

ஐயா, அட்வான்ஸ் எதுவும் கொடுத்துடாதீங்க. முதல் சீட்டுல இருக்க வேண்டிய முக்கியமான விவரமே இல்லை. ஐ7-னு மட்டும் எழுதியிருக்கார், எந்த ஐ7-னு எழுதலை.

பிராசசர்ங்கிறது கணக்கெல்லாம் போடுற சிப். இன்டெல் கம்பெனி அதுல ஐ3, ஐ5, ஐ7-னு வரிசை வச்சிருக்கு. அந்த வரிசை ஒரே காலத்துல வந்த சிப்புகளுக்குள்ளதான் செல்லும். முதல் ஐ7 வெளிவந்தது 2008-ல. அதுக்கப்புறம் வருஷா வருஷம் புதுசு புதுசா ஐ7 வந்துட்டே இருந்தது. எல்லாத்துக்கும் முன்பெயர் ஒண்ணுதான்.

அதனால முழுப் பெயரைக் கேளுங்க. ஐ7-2600-னா கோட்டுக்கு அப்புறம் வர்ற 2-தான் ஜெனரேஷன், அதாவது தலைமுறை. அது 2011-ல வந்த சிப். ஐ5-6500-னா ஆறாவது ஜெனரேஷன், 2015. அஞ்சு இலக்கம் இருந்தா முதல் ரெண்டு இலக்கத்தைச் சேர்த்துப் படிக்கணும்: ஐ3-12100 பன்னிரண்டாவது ஜெனரேஷன். கோட்டுக்கு அப்புறம் மூணே இலக்கம், ஐ7-870 மாதிரி இருந்தா அது முதல் ஜெனரேஷன், 2009-ல வந்தது. அதைக் கையால கூடத் தொடாதீங்க.

செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல ஐ7-னு மொட்டையா எழுதினா பெரும்பாலும் ரெண்டாவது, மூணாவது ஜெனரேஷனாதான் இருக்கும். நல்ல ஜெனரேஷனா இருந்தா அவரே பெருசா எழுதியிருப்பார், ரெண்டாவது கடைக்காரர் எழுதின மாதிரி.


மேலூர்_அப்பா:

உடனே பதில் தந்ததற்கு நன்றி தம்பி. இப்போதே முதல் கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். நீங்கள் சொன்ன அதே ஐ7-2600-தான். ஆனால் அவர் இன்னொன்று சொன்னார். அந்த ஐ7-இன் வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸாம், இரண்டாவது கடையின் ஐ5-6500 வெறும் 3.2-தானாம். இது உண்மையா?


போர்டு_சர்வீஸ்:

நம்பர் உண்மைதான் ஐயா, ஒப்பிடுறதுதான் தப்பு. ஒரு கிகாஹெர்ட்ஸ்னா சிப்போட கடிகாரம் வினாடிக்கு நூறு கோடி தடவை துடிக்குதுன்னு அர்த்தம். ஒரு துடிப்புல எவ்வளவு வேலை முடியுதுங்கிறது ஒவ்வொரு ஜெனரேஷனுக்கும் கூடிட்டே வந்திருக்கு. அதனால ஒரே ஜெனரேஷன் சிப்புகளை மட்டும்தான் கிகாஹெர்ட்ஸ் வச்சு ஒப்பிடலாம்.

ரெண்டுக்கும் நாலு கோர்தான். கோர்னா சிப்புக்குள்ள தனியா வேலை செய்யக்கூடிய பகுதி. ஐ7-2600-ல ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்துல ரெண்டு வேலையைக் கையில வச்சுப் பார்க்கும், அதைத் த்ரெட்னு சொல்வாங்க. ஆக 4 கோர், 8 த்ரெட். ஐ5-6500-க்கு 4 கோர், 4 த்ரெட். எல்லாக் கோரையும் முழுசா ஓட்டுற வேலையில, உதாரணத்துக்கு வீடியோவை மாத்தி எடுக்கிறதுல, ரெண்டும் கிட்டத்தட்ட சமமா வரும். ஒரே கோரை நம்பி நடக்கிற வேலையில ஐ5 முந்திடும். பாப்பா பிரவுசர் திறக்கிறது, டைப் அடிக்கிறது, சின்ன புரோகிராம் ஓட்டுறது எல்லாம் பெரும்பாலும் அந்த ரகம்தான்.

ஐ3-12100-னு மேல எழுதினேன்ல, பேரு ஐ3. இந்த ரெண்டையுமே நல்லாத் தாண்டிப் போயிடும்.


கணினி_ஆசிரியை:

ஐயா, நான் மேல்நிலைப் பள்ளியில் இதே பாடம் நடத்துகிறேன். உங்கள் மகளுக்கு பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். அந்த மொழிகளில் எழுதும் புரோகிராம்களுக்கு இந்த இரண்டு சிஸ்டங்களில் எதுவும் போதும். ஆகவே பாடத்துக்குப் பற்றாமல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அடுத்த நான்கைந்து வருடம் எரிச்சல் இல்லாமல் உழைக்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

மெமரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு தையல் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் துணி அடுக்கியிருக்கிறது. இப்போது தைக்க வேண்டியதை மட்டும் எடுத்து மேசையில் விரிக்கிறார். 500 ஜிபி, 256 ஜிபி என்பது அலமாரி. 8 ஜிபி என்பது மேசை. மேசைக்குப் பெயர் ரேம். அலமாரிக்குப் பொதுப்பெயர் ஸ்டோரேஜ். ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி இரண்டும் அதன் வகைகள்.

மின்சாரம் போனால் ரேமில் இருந்தது அத்தனையும் போய்விடும், ஸ்டோரேஜில் இருப்பது போகாது. சேமிக்காமல் டைப் செய்துகொண்டிருந்த கடிதம் கரண்ட் போனதும் காணாமல் போவது இதனால்தான். இனிமேல் யார் மெமரி என்று சொன்னாலும் ரேமா, ஸ்டோரேஜா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. சீட்டில் "ஐ7 சிபியு" என்று இருக்கிறது. சிபியு என்பது பிராசசருக்கான பெயர். ஆனால் நம் ஊரில் முழுப் பெட்டியையுமே சிபியு என்கிறோம். பெட்டிக்குப் பெயர் கேபினட். அதற்குள் மதர்போர்டு என்ற பெரிய பலகை இருக்கிறது. பிராசசர், ரேம், ஸ்டோரேஜ் எல்லாம் அதில்தான் இணைகின்றன. பழுது என்று போனில் சொல்லும்போது இது முக்கியம். "சிபியு போய்விட்டது" என்று சொன்னால், உண்மையில் எது போனது என்று மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாது. விளக்கு எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, திரையில் எழுத்து வருகிறதா என்று பார்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.


போர்டு_சர்வீஸ்:

டீச்சர் சொன்ன கடைசி வரியை எங்க கடை வாசல்ல எழுதி ஒட்டலாம்.

இப்ப 500-ஆ 256-ஆங்கிறதுக்கு வர்றேன். ஐயா, உங்க கேள்வியிலேயே இதுதான் பெரிய விஷயம். பிராசசரைவிடப் பெருசு.

ஹார்டு டிஸ்க்குக்குள்ள தட்டு ஒண்ணு சுத்தும். மேஜை கம்ப்யூட்டர்ல போடுறது நிமிஷத்துக்கு 7,200 சுற்று. அதாவது வினாடிக்கு 120, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேணுங்கிற ஃபைல் தட்டுல எங்கேயோ இருக்கும். அது படிக்கிற ஊசிக்கு நேரா வர சராசரியா அரைச் சுற்று காத்திருக்கணும், 4 மில்லி வினாடிக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு முன்னாடி ஊசி இருக்கிற கை நகர்ந்து சரியான வட்டத்துக்குப் போகணும். ரெண்டையும் சேர்த்தா ஒரு ஃபைலைத் தேடிப் பிடிக்கவே 12 மில்லி வினாடி போல ஆகும். வினாடிக்கு நூறு தடவை கூடத் தேட முடியாது.

சிஸ்டம் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்குது. பட்டனை அழுத்திட்டு டீ போட்டுக் குடிச்சுட்டு வர்ற அளவுக்கு ஆகுறது இதனாலதான். எஸ்எஸ்டியில தட்டும் இல்லை, கையும் இல்லை, முழுக்க சிப்தான். ஒரு ஃபைலை எடுக்க மில்லி வினாடியில பத்துல ஒரு பங்குதான் ஆகும். பெரிய ஃபைலை நேரா காப்பி பண்ணும்போது கூட ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 100-லேர்ந்து 200 எம்பி, ஹார்டு டிஸ்க் மாதிரியே சாட்டாங்கிற இணைப்புல மாட்டுற சாதா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல போகும்.

எங்க கடைக்கு "சிஸ்டம் ஸ்லோ, ரேம் போடுங்க"ன்னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு நான் ரேம் போடச் சொல்றதில்லை. ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி மாட்டச் சொல்வேன். அதே பழைய பிராசசர், அதே 4 ஜிபி ரேம், ஆனா ஆன் பண்ணிப் பார்க்கிறவங்க முகத்துல வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே இந்தத் தொழில்ல இருக்கலாம்.

இடம் பத்தலைன்னா அப்புறமா ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கையும் கூடவே மாட்டிக்கலாம். விண்டோஸ் எஸ்எஸ்டியில, போட்டோ சினிமா எல்லாம் ஹார்டு டிஸ்க்ல.


திருநகர்_வாசி:

கூடவே இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாங்கிய அன்று சண்டை வரும். 256 ஜிபி என்று வாங்கினால் விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். 500 வாங்கினால் 465. யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட் என்று கணக்கு வைக்கிறார்கள். விண்டோஸ் 1,024-ஐ மூன்று முறை பெருக்கி, அதாவது 107 கோடிக்குச் சற்று மேல், ஒரு ஜிபி என்று எண்ணுகிறது.

எனக்கு இரண்டு சீட்டுமே பிடிக்கவில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்தால் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாவது ஜெனரேஷனும் அதற்கு மேலும் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். ஆறாவது ஜெனரேஷன் அந்தப் பட்டியலில் இல்லை. ஐயா, கொஞ்சம் சேர்த்துப் போட்டு ஐ5-8500 மாதிரி ஒன்று பாருங்கள். 2018-இல் வந்தது, ஆறு கோர். அலுவலகங்களிலிருந்து கழித்துவிடும் டெல் ஆப்டிபிளக்ஸ் 7060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவா திங்க்சென்டர் எம்720 எல்லாம் எட்டாவது ஜெனரேஷனை ஒட்டி வந்தவை.


லினக்ஸ்_தமிழ்:

விண்டோஸ் 11 ஏறாது என்பதற்காக ஆறாவது ஜெனரேஷனைக் குப்பையில் போடச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் ஐ5-6500 இன்னும் பல வருடம் ஓடும், பாதுகாப்பு அப்டேட்டும் தொடர்ந்து வரும். சி++ புரோகிராமைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவுக்கு மாற்றித் தரும் ஜி++ கம்பைலர் இலவசம், பைத்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கும். தமிழ்99 விசைப்பலகையும் வைத்துக்கொள்ளலாம். பணம் இல்லாத வீட்டுக்கு இது பெரிய உதவி.


திருநகர்_வாசி:

மறுக்கவில்லை தோழர். ஆனால் வீட்டில் லினக்ஸ் தெரிந்தவர் யாரும் இல்லையே. ஒரு நாள் பிரின்டர் எடுக்காமல் போனால் தெருமுனைக் கடைக்காரர் விண்டோஸுக்குத்தான் பழகியிருப்பார். அந்தச் சிரமத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.


கணினி_ஆசிரியை:

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பணம் எட்டினால் எட்டாவது ஜெனரேஷன். எட்டாவிட்டால் இரண்டாவது சீட்டு, அதில் லினக்ஸ். பிள்ளைகள் லினக்ஸை வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், வகுப்பில் பார்க்கிறேன். முதல் சீட்டை எந்த வகையிலும் பரிந்துரைக்கமாட்டேன்.


பிளஸ்டூ_மாணவன்:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். இப்போது ஐ5-6500 வாங்கிவிட்டு, பிறகு பணம் வந்ததும் பிராசசரை மட்டும் எட்டாவது ஜெனரேஷனுக்கு மாற்றிக்கொள்ள முடியாதா? இரண்டுக்குமே எல்ஜிஏ 1151 சாக்கெட் என்று போட்டிருக்கிறதே.


போர்டு_சர்வீஸ்:

நல்ல கேள்வி தம்பி. சாக்கெட்னா மதர்போர்டுல பிராசசர் உட்கார்ற இடம். 1151-ங்கிறது அதுல இருக்கிற தொடுபுள்ளிகளோட எண்ணிக்கை. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது நாலு ஜெனரேஷனுக்கும் அதே எண்ணிக்கைதான். ஆனா எட்டாவதுல சில புள்ளிகளோட வேலையை இன்டெல் மாத்திடுச்சு, போர்டுல பிராசசருக்குத் துணையா இருக்கிற சிப்செட்டும் 300 வரிசையா இருக்கணும். ஆறாவது ஜெனரேஷன் போர்டுல எட்டாவது பிராசசர் உட்காரும், ஆனா ஓடாது. அந்த போர்டுக்கு ஏழாவது வரைக்கும்தான், அதுவும் பயாஸ் அப்டேட் பண்ணணும். பயாஸ்னா ஆன் பண்ணின உடனே, விண்டோஸுக்கு முன்னாடியே ஓடுற சின்ன சாஃப்ட்வேர், போர்டுலயே ஒரு சிப்புல இருக்கும்.

அதனாலதான் வாங்கும்போதே ஜெனரேஷனைப் பார்த்து வாங்குங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். ரேம் சேர்க்கலாம், எஸ்எஸ்டி மாத்தலாம். ஜெனரேஷனை மாத்தணும்னா போர்டோட சேர்த்து மாத்தணும்.


குமரி_அக்கா:

இதையொட்டி எனக்கும் ஒரு சந்தேகம். தங்கச்சிக்கு பிளஸ்டூ படிக்கும்போது கிடைத்த லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. ஆன் ஆகிறது, ரொம்ப மெதுவாக ஓடுகிறது. ரேம் போடலாம் என்றால் டிடிஆர்3, டிடிஆர்4 என்கிறார்கள். எதை வாங்குவது? இன்னொரு தொந்தரவு: ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று வருகிறது. வைரஸா?


போர்டு_சர்வீஸ்:

அக்கா, வைரஸ் இல்லை. போர்டுல காசு மாதிரி வட்டமா ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும். மேஜை கம்ப்யூட்டர்ல அதோட நம்பர் சிஆர்2032, கைக்கடிகாரக் கடையில கூடக் கிடைக்கும். சிஸ்டம் ஆஃப்ல இருக்கும்போது கடிகாரத்தை ஓட வைக்கிறது அதுதான். அது தீர்ந்தா தேதி பின்னாடி போயிடும். ஒவ்வொரு வெப்சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழுக்கும் ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி இருக்கு. உங்க லேப்டாப் தேதி அதுக்கு முன்னாடி இருந்தா, சான்றிதழ் செல்லாதுன்னு பிரவுசர் நினைச்சுக்கும். இப்பவே தேதியைச் சரி பண்ணிட்டுத் திறந்து பாருங்க, திறக்கும். லேப்டாப்ல இந்த பேட்டரிக்கு வயர் வச்சுச் சுத்தியிருப்பாங்க. சில மாடல்ல தனியா இருக்காது, பெரிய பேட்டரியே அந்த வேலையையும் பார்க்கும். அதனால பழைய பேட்டரியைக் கழட்டி எடுத்துட்டுப் போய் அதே மாதிரி வாங்குங்க.

ரேமுக்கு வர்றேன். டிடிஆர்3, டிடிஆர்4-ங்கிறது தலைமுறை. ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு உட்காராது, நடுவுல இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தி மாட்டப் பார்த்தா ரேம் உட்கார்ற ஸ்லாட்டே உடைஞ்சுடும். லேப்டாப் ரேம் குட்டையா இருக்கும், அதுக்கு சோடிம்னு பேரு. டிடிஆர்3-லயே ரெண்டு உண்டு. சாதா டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல்-க்கு 1.35 வோல்ட். லேபிள்ல பிசி3எல்-னு இருந்தா எல் வகை. பிசி3எல்-12800-னு போட்டிருந்தா 12,800-ஐ 8-ஆல வகுங்க, 1,600 வரும், அதுதான் வேகம். எல் வகை பழைய லேப்டாப்லயும் ஓடும். சாதா வகை, எல் மட்டுமே கேக்கிற லேப்டாப்ல ஓடாது.

கழட்டாமலே பார்க்க வழி இருக்கு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல மெமரியைத் தொட்டா மொத்தம் எவ்வளவு, வேகம் என்ன, எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்குன்னு காட்டும். அதே இடத்துல டிஸ்க் 100 சதவீதத்துலயே நின்னுட்டிருந்தா, முதல்ல எஸ்எஸ்டி மாத்துங்க. ரேம் அப்புறம்.


குமரி_அக்கா:

தேதியை மாற்றியதும் எல்லா வெப்சைட்டும் திறந்துவிட்டது! டிஸ்க் 100-இலேயே நிற்கிறது தம்பி. எஸ்எஸ்டிதான் வாங்கப் போகிறேன். ரொம்ப நன்றி.


திருநகர்_வாசி:

எஸ்எஸ்டி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அல்ல. 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம் கொண்ட அந்தச் சின்னப் பட்டை சாட்டாவாகவும் இருக்கலாம், அதைவிட வேகமான என்விஎம்இ இணைப்பாகவும் இருக்கலாம். எல்லா ஸ்லாட்டும் இரண்டையும் ஏற்காது. பழைய லேப்டாப்பில் பெரும்பாலும் எம்.2 ஸ்லாட் இருக்காது. உங்களுக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டிதான், பழைய ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்தில் மாட்டிவிடலாம்.


மேலூர்_அப்பா:

இன்று நேரில் போய்விட்டு வந்தேன். இரண்டாவது கடையிலேயே ஐ5-8500, 8 ஜிபி டிடிஆர்4, 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 என்று ஒன்று இருக்கிறது. ஆறாவது ஜெனரேஷனைவிட 4,500 ரூபாய் கூடுதல். மகளிடம் கேட்டேன், சைக்கிளை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம் என்கிறாள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே என்னென்ன பார்க்க வேண்டும்? யுபிஎஸ் தேவையா? எங்கள் பக்கம் அடிக்கடி கரண்ட் போகும்.


போர்டு_சர்வீஸ்:

நல்ல முடிவு ஐயா. பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க.

டாஸ்க் மேனேஜர்ல சிபியு பக்கத்துல ஐ5-8500-னு பெயர் வருதான்னு பாருங்க. சீட்டுல இருக்கிறதும் திரையில இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதை ஓட்டச் சொல்லுங்க. எஸ்எஸ்டியோட ஆரோக்கியம் எத்தனை சதவீதம், இதுவரைக்கும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு அது காட்டும். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கான்னு செட்டிங்ஸ்ல பாருங்க. யுஎஸ்பி துளை ஒவ்வொண்ணுலயும் பென் டிரைவைச் சொருகிப் பார்க்கணும், முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும். அரை மணி நேரம் வீடியோ ஓட விட்டுட்டு கேபினட் பக்கத்துல காதை வைங்க, ஃபேன் சத்தம் சீராக் கேக்கணும். மானிட்டர்ல பழைய நீல விஜிஏ துளை மட்டும் இருந்து, கேபினட்ல டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருந்தா நடுவுல ஒரு கன்வெர்ட்டர் வேணும். அதையும் கடையிலேயே கேட்டு வாங்கிடுங்க.

எஸ்எம்பிஎஸ்-ங்கிறது வீட்டு 230 வோல்ட்டைப் போர்டுக்கு வேண்டிய குறைஞ்ச வோல்ட்டா மாத்தித் தர்ற பெட்டி. ஆபீஸ் மாடல்கள்ல அதோட வடிவமும் பிளக்கும் கம்பெனிக்குக் கம்பெனி வேற. சாதா எஸ்எம்பிஎஸ் அதுல நேரா உட்காராது. பழுதானா அந்த மாடலுக்குன்னே உள்ளதைத் தேடணும், அதனால அதுக்கும் சேர்த்து வாரன்டி எழுதி வாங்குங்க.

யுபிஎஸ் கட்டாயம் வேணும். 600 விஏ அளவு போதும். அதுல வர்றது பெரும்பாலும் 360 வாட், உங்க சிஸ்டமும் மானிட்டரும் அதுல பாதி கூட எடுக்காது. லேசர் பிரின்டரை மட்டும் அதுல சொருகாதீங்க, சூடாகும்போது ஒரே இழுப்பா இழுக்கும். எர்த் சரியா இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை வச்சு ஒரு தடவை பாத்துடுங்க.


மேலூர்_அப்பா:

எல்லாம் எழுதிக்கொண்டேன் தம்பி. கடைசியாக ஒன்று. 8 ஜிபி ரேமை ஒரே துண்டாகத் தரவா, 4 ஜிபி இரண்டாகத் தரவா என்று கேட்டார். விலை ஒன்றுதானாம்.


போர்டு_சர்வீஸ்:

ரெண்டு துண்டா மாட்டினா பிராசசர் ரெண்டு பாதையிலயும் ஒரே நேரத்துல படிக்கும், அதைத்தான் டூயல் சேனல்னு சொல்றாங்க. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்துல திரைக்கு வேண்டிய படத்தையும் ரேம்லதான் வச்சுக்கணும், அதனால வித்தியாசம் ஓரளவு தெரியும். ஆனா முதல்ல போர்டுல எத்தனை ஸ்லாட்னு பாருங்க. நாலு இருந்தா 4 ஜிபி ரெண்டா வாங்குங்க. ரெண்டே ரெண்டு இருந்தா ஒரே 8 ஜிபியா வாங்கிட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியா விடுங்க. பாப்பா காலேஜ் போகும்போது இன்னொரு 8 சேர்த்துக்கலாம், இருக்கிறதைக் கழட்ட வேண்டியிருக்காது.